‘கேம் ஆடும்போதே லேப்டாப் தூங்கிடுது!’ - மதர்போர்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க!

“யக்கா... திரும்பவும் தூங்கிட்டு!”

மே மாத லீவில் தூத்துக்குடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு பத்தரை மணி. மட்டக்கடையில் வாங்கி வந்த பொரிச்ச பரோட்டாவைப் பிரித்து உட்கார்ந்த நேரத்தில்தான் மாடி அறையிலிருந்து அந்தச் சத்தம். சித்தி பையன், என் தம்பி, இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கறுத்துப்போன லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது ‘வேலரன்ட்’. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆன்லைன் ஆட்டம். ஒருவர் பாதியில் காணாமல்போனால் மீதி நான்கு பேரும் மாட்டிக்கொள்வார்கள். அடிக்கடி காணாமல்போகிறவருக்கு ‘கொஞ்ச நேரம் வரிசையிலேயே சேராதே’ என்று அந்த கேமே தடை போட்டுவிடும். தம்பிக்கு அந்த வாரத்தில் அது இரண்டாவது தடை.

பவர் பட்டனை அழுத்தினான். அடுத்த சில நொடிகளில் எல்லாம் விட்ட இடத்திலிருந்து அப்படியே வந்தது. எரர் மெசேஜ் இல்லை, நீலத்திரை இல்லை, புகைந்த வாடை இல்லை. நல்லா தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி இருந்தது லேப்டாப். ரவுண்டு மட்டும் முடிந்துபோயிருந்தது.

“கடையில காட்டலையால?” என்றேன்.

“காட்டியாச்சு. போர்டு கம்ப்ளைன்ட்டாம். லோடு ஏறுச்சுன்னா தாங்கலையாம். 22,000 ஆகும்னு சொல்லிட்டாரு.”

கீழே சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அந்த லேப்டாப்புக்கே இன்னும் ஒன்பது மாதத் தவணை பாக்கி. 22,000 என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சித்திதான் சட்டென்று சொன்னார்... “அந்த மிஷினுக்கே அலுத்துப்போயிட்டு. இவனுக்குத்தான் அலுக்க மாட்டேங்கு!”

எல்லோரும் சிரித்தோம். ஆனால், அது கேம் ஆட மட்டும் வாங்கிய லேப்டாப் இல்லை. தம்பியின் கல்லூரி புராஜெக்ட், டிசைன் சாஃப்ட்வேர், வேலைக்கான ஆன்லைன் தேர்வு எல்லாம் அதில்தான். நாளைக்கு ஒரு தேர்வின் நடுவில் இப்படித் தூங்கினால்?

அன்று இரவு அதை ஆராய உட்கார்ந்தோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் குற்றவாளி சிக்கியது. அது மதர்போர்டு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு லேப்டாப் இருந்தால், கடைக்கு எடுத்துப்போவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை.

*தூக்கமா... மயக்கமா?*

முதல் கேள்வி இதுதான். ‘லேப்டாப் ஆஃப் ஆகிடுச்சு’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அதில் நான்கு வகை இருக்கிறது. நான்குக்கும் வைத்தியம் வேறு.

1. திரை கறுத்து, பவர் லைட் விட்டு விட்டு எரிகிறது. ஒரு பட்டனைத் தொட்டதும் சில நொடிகளில் எல்லாம் அப்படியே வருகிறது. இது ஸ்லீப், அதாவது தூக்கம்.

2. கம்பெனி லோகோவுடன் மெதுவாக ஆன் ஆகிறது. ஆனால், திறந்துவைத்த ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. இது ஹைபர்னேட். ஆழ்ந்த உறக்கம்.

3. லோகோவுடன் ஆன் ஆகிறது, திறந்திருந்தவை எதுவுமே இல்லை. இது ஷட்டவுன். மயக்கம் போட்டு விழுந்த மாதிரி.

4. திரை மட்டும் கறுப்பு. கேமின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இது தூக்கமே இல்லை. திரையிலோ, கிராஃபிக்ஸ் டிரைவரிலோ கோளாறு.

தம்பியின் லேப்டாப் முதல் வகை. இங்கேயே ஒரு விஷயம் புரிந்துவிட்டது. மதர்போர்டு பழுதானால் பெரும்பாலும் மூன்றாவது வகைதான் நடக்கும். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தூங்கி, ஒழுங்காக விழிக்கிற லேப்டாப்புக்கு யாரோ ‘தூங்கு’ என்று உத்தரவு போடுகிறார்கள் என்று அர்த்தம்.

உத்தரவு போடுவது யார்? சும்மா கிடக்கும் நேரத்தை எண்ணும் டைமர், மூடி, பவர் பட்டன், பேட்டரி, சூடு, ஏதாவது ஒரு சாஃப்ட்வேர். பட்டியல் அவ்வளவுதான். இவற்றில் யார் என்பதை லேப்டாப்பே எழுதி வைத்திருக்கும்.

*லேப்டாப்பின் டைரி*

விண்டோஸ் லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரு டைரி இருக்கிறது. பெயர் ‘ஈவன்ட் வியூவர்’. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே இருக்கும். திறந்ததும் இடப்பக்கத்தில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. வரிவரியாக நூற்றுக்கணக்கான குறிப்புகள் ஓடும். சிவப்பு, மஞ்சள் அடையாளங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாக ஓடும் லேப்டாப்பிலும் அவை இருக்கும்.

தூங்கிய நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு எதிரே, ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரில் வந்திருக்கும் குறிப்பைத் தேடுங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று எண்கள்.

42 - லேப்டாப் தூக்கத்துக்குப் போகிறது. பக்கத்திலேயே காரணமும் இருக்கும்.

506 - புதுவகை லேப்டாப்களில் 42-க்குப் பதில் இந்த எண் வரும். அர்த்தம் அதேதான். அவற்றில் இருப்பது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற செல்போன் பாணித் தூக்கம்.

41 - முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோயிருக்கிறது. மின்சாரம் துண்டானதோ, சூடோ, வேறு பழுதோ... காரணத்தை 41 சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

42-ஐ கிளிக் செய்தால் கீழே காரணம் ஆங்கிலத்தில் வரும். ‘சிஸ்டம் ஐடில்’ என்றிருந்தால் டைமர். ‘பேட்டரி’ என்றிருந்தால் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. ‘பட்டன் ஆர் லிட்’ என்றிருந்தால் யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், அல்லது மூடியை மூடியிருக்கிறார்கள்.

தம்பியின் லேப்டாப்பில் அந்த வாரம் மட்டும் பதினோரு முறை 42. பதினொன்றிலும் ஒரே காரணம். ‘பட்டன் ஆர் லிட்’.

“நான் எங்கக்கா மூடினேன்? மூடிட்டு எப்படி கேம் ஆட முடியும்?” என்றான்.

சரியான கேள்வி!

*மூடாமலேயே மூடிய லேப்டாப்*

லேப்டாப்பை மூடியதும் அது தூங்கிவிடுகிறதே, மூடியதை எப்படித் தெரிந்துகொள்கிறது? பல மாடல்களில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன காந்தம் ஒளிந்திருக்கிறது. கீழ்ப்பாகத்தில், கீபோர்டுக்கு அருகிலோ உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அடியிலோ ஒரு சென்சார். மூடும்போது காந்தம் சென்சாருக்கு நேராக வரும். சென்சார் காந்தத்தை உணர்ந்ததும், ‘மூடிட்டாங்க, தூங்கு’ என்று தகவல் போகும்.

இதற்குப் பெயர் ஹால் சென்சார். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவுதான் இதன் அடிப்படை. மின்சாரம் ஓடும் தகட்டுக்கு அருகில் காந்தத்தைக் கொண்டுபோனால், தகட்டின் குறுக்கே சிறிய மின்னழுத்தம் உருவாகும். அதை அளந்தால் காந்தம் இருப்பது தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சென்சாருக்குக் காந்தம் தெரியும். அது யாருடைய காந்தம் என்று தெரியாது.

தம்பியின் இடது கையைப் பார்த்தேன். ஸ்மார்ட்வாட்ச். போன மாதம் ஆன்லைனில் வாங்கிய புது ஸ்ட்ராப். கொக்கி இல்லாமல், பட்டென்று ஒட்டிக்கொள்ளும் மேக்னடிக் ஸ்ட்ராப். விலை 299 ரூபாய்.

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களின் இடது கை எங்கே இருக்கும்? டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளின் மேல். ஆளை முன்னும் பின்னும் நகர்த்தும் பட்டன்கள் அவை. மணிக்கட்டு, லேப்டாப்பின் இடதுபக்க முன் ஓரத்தில் மணிக்கணக்கில் அசையாமல் பதிந்திருக்கும். பாட வீடியோ பார்க்கும்போது கை அங்கே இருக்காது. டைப் செய்யும்போது ஓரிடத்தில் நிற்காது. ‘கேம் ஆடும்போது மட்டும்’ தூங்கியதற்குக் காரணம் லோடு இல்லை. கை வைத்த இடம்!

வாட்சைக் கழற்றினோம். ஸ்ட்ராப்பை மட்டும் கையில் எடுத்து இடதுபக்க ஓரத்தில் மெதுவாக நகர்த்தினேன். ஓரிடம் வந்ததும் திரை படக்கென்று கறுத்தது. மறுபடி எழுப்பினோம். அதே இடம், மறுபடி கறுப்பு. மூன்றாவது முறை தம்பியே செய்து பார்த்துவிட்டு, “அடப்பாவி!” என்றான், ஸ்ட்ராப்பைப் பார்த்து.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். மேக்னடிக் ஸ்ட்ராப், காந்த வளையல், காந்த மூடி போட்ட செல்போன் கவர், இயர்பட்ஸ் டப்பா ஆகியவற்றை லேப்டாப்பிலிருந்து ஓரடி தள்ளி வைத்துவிட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள். 2020-ல் வந்த ஐபோன் 12 முதல் பல போன்களின் முதுகிலேயே காந்த வளையம் இருக்கிறது. அப்படிப்பட்ட போனை லேப்டாப் ஓரத்தில் வைப்பதும், ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்து வேலை பார்ப்பதும் இதே கோளாறைத் தரலாம். ஸ்பீக்கரில் இருக்கும் பெரிய காந்தங்களை மட்டும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அது ஆபத்து.

எந்தக் காந்தமும் இல்லாமலே ‘லிட்’ என்று குறிப்பு வந்தால்தான் சென்சார் மேலேயே சந்தேகப்பட வேண்டும். சில லேப்டாப்களில் கீபோர்டிலேயே தூங்க வைக்கும் பட்டனும் உண்டு. ஆட்ட வேகத்தில் விரல் அதில் பட்டாலும் இதே கதைதான். அதையும் பார்த்துவிடுங்கள்.

*பாட்டுப் போட்டால் நின்ற லேப்டாப்!*

கோளாறின் காரணம் லேப்டாப்புக்கு வெளியே இருக்கலாம் என்பதை நம்ப முடியவில்லையா? இன்னொரு கதை கேளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ரேமண்ட் சென், 2022 ஆகஸ்ட்டில் ஒரு பழைய சம்பவத்தை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் லேப்டாப்களில் ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாடலைப் போட்டால் லேப்டாப் நின்றுபோனதாம். அதைவிட ஆச்சர்யம், பாடல் ஒரு லேப்டாப்பில் ஓடினால் பக்கத்தில் சும்மா இருந்த இன்னொரு லேப்டாப்பும் நின்றது. அந்தப் பாடலில் இருந்த ஒரு ஒலி அதிர்வு, அந்த மாடல்களில் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்கின் இயற்கை அதிர்வோடு ஒத்துப்போய் அதை உலுக்கியிருக்கிறது. அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் ஒரு ஃபில்டரைச் சேர்த்துப் பிரச்னையைத் தீர்த்தார்கள்.

பாட்டுக்காக அன்று எத்தனை போர்டை மாற்றியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. அதனால்தான் முதலில் கேள்வி, அப்புறம்தான் செலவு.

*ஜாய்ஸ்டிக்கில் ஆடுகிறீர்களா?*

டைரியில் ‘சிஸ்டம் ஐடில்’ என்று இருந்தால், லேப்டாப் உங்களை ‘ஆள் இல்லை’ என்று நினைத்திருக்கிறது.

ஆடிக்கொண்டிருக்கும்போது எப்படி ஆள் இல்லை என்று நினைக்கும்? விண்டோஸ் டைமர் முக்கியமாகக் கவனிப்பது கீபோர்டையும் மவுஸையும். கேம் கன்ட்ரோலரில் ஆடும்போது இந்த இரண்டையும் நாம் தொடுவதே இல்லை. நல்ல கேம்கள், ‘ஆட்டம் நடக்குது, தூங்காதே’ என்று விண்டோஸுக்குச் சொல்லிவிடும். எல்லா கேம்களும் சொல்வதில்லை. கன்ட்ரோலரில் கார் ரேஸ் ஆடுகிறவர்களுக்குச் சரியாகப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கணக்கு வைத்த மாதிரி திரை போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

தீர்வு எளிது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்ற வழியில் போனால் ஸ்கிரீன் - ஸ்லீப் நேரங்கள் இருக்கும். ‘சார்ஜரில் இருக்கும்போது’ என்பதற்கு மட்டும் ‘நெவர்’ கொடுங்கள். பேட்டரியில் இருக்கும்போது என்பதற்கு அதைக் கொடுக்காதீர்கள். தினமும் மாற்றுவது தொல்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘அவேக்’ என்ற வசதி இருக்கிறது. வேண்டிய நேரத்துக்கு மட்டும் லேப்டாப்பை விழித்திருக்க வைக்கும்.

இன்னும் ஒன்று. ஆள் எழுந்துபோனதும் திரையை அணைக்கும் ‘பிரசென்ஸ் சென்சிங்’ வசதி சில புதிய மாடல்களில் உண்டு. நாற்காலியில் சாய்ந்து ஆடுகிறவரை அது கவனிக்காமல் விடலாம். அதை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

*சார்ஜர் சொருகியிருக்கு... சார்ஜ் இறங்குதே?*

‘பேட்டரி’ என்று டைரி சொன்னால், அடுத்த முறை ஆடும்போது மூலையில் இருக்கும் சதவிகித எண்ணைக் கவனியுங்கள். சார்ஜர் சொருகியிருந்தும் 100, 90, 75 என்று இறங்கினால் விஷயம் புரிந்துவிடும். வரவைவிடச் செலவு அதிகம்.

வீட்டு பட்ஜெட் மாதிரியே கணக்குப் போடலாம். கேம் ஓடும்போது லேப்டாப்புக்கு 125 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப்-சி சார்ஜர் கொடுப்பதோ 65 வாட். மீதி 60 வாட் பேட்டரியிலிருந்து போகும். பேட்டரியின் கொள்ளளவு 60 வாட்-ஹவர் என்றால், நிறைய சார்ஜ் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் காலி. லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தூங்கிவிடும்.

கேமிங் லேப்டாப்போடு வரும் சார்ஜர் செங்கல் மாதிரி கனமாக இருப்பது இதனால்தான். அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். ஒரிஜினல் சார்ஜரைக் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் யாருடைய டைப்-சி சார்ஜரையோ சொருகி ஆடினால் இதுதான் நடக்கும். ஒரிஜினலே இருந்தும் இறங்கினால் பின் தளர்ந்திருக்கலாம், வயர் உள்ளே முறிந்திருக்கலாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பழுதாகியிருக்கலாம். சுவர் பிளக்கில் நேராகச் சொருகிப் பாருங்கள். சார்ஜர் வயரை லேசாக அசைக்கும்போது சார்ஜிங் அடையாளம் வந்து வந்து போனால் அதுதான் குற்றவாளி.

ஒரு எச்சரிக்கை: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, கீபோர்டு நடுவில் புடைத்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள். நீங்களே கழற்றவும் வேண்டாம். அது நேரே சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய கேஸ்.

*தூத்துக்குடிக்கே உரிய வில்லன்*

கடைசி சந்தேக நபர், சூடு. தம்பி வீட்டில் இது இன்னொரு பாடம் கற்றுக்கொடுத்தது.

லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் புராசஸர் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கும். அதை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடும், ஃபேன் ஜெட் மாதிரி கத்தும். அதற்கும் அடங்காவிட்டால் ஹைபர்னேட்டோ ஷட்டவுனோ ஆகும். ஆக, திக்கல் எதுவும் இல்லாமல் பட்டென்று தூங்கி, பட்டென்று விழிக்கும் லேப்டாப்பில் சூட்டின் மேல் முதல் சந்தேகம் வேண்டாம். திக்கிவிட்டுப் போனால், தொட்டால் சுட்டால், சந்தேகப்படுங்கள்.

ஃபேன் செய்வது ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருக்கும் சூட்டை அறையின் காற்றில் கொண்டுபோய்த் தள்ளும். அறையே 36 டிகிரியில் கொதித்தால் அது என்ன செய்யும், பாவம்! மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மெத்தையின் மேல் லேப்டாப்பை வைத்து மே மாதம் கேம் ஆடுவது, போர்வை போர்த்திக்கொண்டு ஓடுவது மாதிரி. கடினமான பலகையின் மேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே காற்று நன்றாகப் போகும்.

கடலோர ஊர்களுக்கு இதோடு கூடுதல் வரி உண்டு. தூத்துக்குடி உப்பளங்களின் ஊர். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியும், 1,050 மெகாவாட் அனல்மின் நிலையமும் பக்கத்திலேயே. காற்றில் உப்பும் தூசியும் கலந்தே வரும். சாதாரணத் தூசி ஃபேனை அடைக்கும். உப்புத் தூசி அடைப்பதோடு நிற்காது.

மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே கரையும். லேப்டாப்புக்குள் படிந்த உப்பும் அதையேதான் செய்யும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், உலோகமும் துருப்பிடிக்கும். சார்ஜிங் பின், யு.எஸ்.பி வாய், ஃபேனின் உலோகத் தகடுகள் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பது இதனால்தான்.

மறுநாள் ஊரில் பல வருடங்களாக லேப்டாப் பழுது பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனோம். பின்மூடியைத் திறந்ததும் ஃபேனின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வையே படிந்திருந்தது. “கடல் பக்கம் ஜன்னலத் தொறந்து வச்சு ஆடுவியோ தம்பி?” என்று கேட்டார். தம்பி தலையாட்டினான். “காத்து உனக்கு நல்லது. இதுக்கு ஆவாது” என்றார்.

அவர் சுத்தம் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை: ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுழன்றால் ஃபேன் கெட்டுவிடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடக் கூடாது. அதனால் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்களுக்கு ஆகாது. புராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தபடியே ஜன்னலோரம் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

*கடைக்குப் போகும்போது...*

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகும் முன் நான்கு விஷயங்கள்.

முதலில், வாரன்டி இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். இருந்தால் வெளியில் திறக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு, முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். மூன்று, ஈவன்ட் வியூவரில் அந்த 42-ஐ செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ‘ஆஃப் ஆகுதுண்ணே’ என்று சொல்வதைவிட, ‘லிட்னு காரணம் காட்டுதுண்ணே’ என்று சொன்னால் உள்ளே இருப்பவர் தேடும் இடமே மாறும். நான்கு, ‘போர்டு’ என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘மூடினால் எதுவும் செய்யாதே’ என்று கன்ட்ரோல் பேனலில் மாற்றிவிட்டால் காந்தத் தொல்லை தீர்ந்துவிடும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால், அப்புறம் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டாலும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். காற்றில்லாத பைக்குள் எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. தனி மானிட்டரில் ஆடும் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

*கயிறு அசைந்தால்...*

கிளம்புகிற அன்று சித்தப்பாவிடம் கதையைச் சொன்னேன். காந்தம், சென்சார், 42 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவர் தாத்தா முத்துக்குளிக்கப் போன கதையைச் சொன்னார்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகக் கடலுக்குள் இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் இழுத்துவிட வேண்டும்.

“தாத்தா சொல்வாரு... கயிறு அசைஞ்சா அசைஞ்சதுதான். ‘சும்மா அசைக்கான்’னு விடக் கூடாது, பதறிப்போயி கயித்தையும் அறுத்துரக் கூடாது. தூக்கிவிட்டுட்டு, என்னல ஆச்சுன்னு அவன்ட்டயே கேக்கணும்” என்றார். பிறகு மாடியைப் பார்த்து, “இவன் லேப்டாப்பும் பதினோரு தடவ கயித்த ஆட்டிருக்கு. யாரும் கேக்கல” என்றார்.

தம்பி பழைய ரப்பர் ஸ்ட்ராப்புக்கே மாறிவிட்டான். மேக்னடிக் ஸ்ட்ராப் இப்போது சித்தி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லேப்டாப் அதற்குப் பிறகு ஒருமுறைகூட நடுவில் தூங்கவில்லை என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். அடுத்த நிமிடமே சித்தியிடமிருந்து ஒரு மெசேஜ்.

“நீ ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்ட. இப்ப இவன் தூங்க மாட்டேங்கான்!”